ஆப்பச்சட்டியில் ஒரு ஜின்

"ஒரு ஜின்னைப் பிடிச்சு, சட்டியில ஊத்தி, ஆப்பமாச் சுட்டு, பேரீச்சம்பழப் பாகு விட்டு, அந்த வீட்டுக்கார அம்மாவுக்கே பரிமாறிட்டு வந்தேனாக்கும். ருசி பாத்துட்டு இன்னொண்ணு வேணும்னு கேட்டாங்க" என்றான் யேசுதாசன்.

குவைத்தின் ஃபர்வானியாவில் செல்வசிங் தங்கியிருந்த பிளாட்டின் கூடத்தில் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். பிறகு வெடித்தது சிரிப்பு. சாதாரணச் சிரிப்பா அது? கீழே மளிகைக் கடை வைத்திருந்த மலையாளி, பூமிதான் ஆடுகிறது என்று பால்பவுடர் டின்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதாகக் கேள்வி.

கிறிஸ்து எந்தக் கிழமையில் பிறந்திருந்தாலும் குவைத்தில் அவருக்கு வெள்ளிக்கிழமைதான் பிறந்தநாள். அன்றைக்குத்தானே எல்லோருக்கும் லீவு! எழுபத்தைந்தாம் வருஷத்து அந்த வெள்ளிக்கிழமை விருந்துக்கு ஆப்பம் தன் பொறுப்பு என்று மார்தட்டியிருந்தவன் யேசுதாசன். "ஆளுக்குப் பத்து. மிச்சத்தப் பொட்டலம் கட்டி ரூமுக்குக் கொண்டு போங்க" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். இப்போது தட்டில் விழுந்ததோ ஆளுக்கு ஒன்று. அதுவும் ஓரம் கிழிந்தது.

"மிச்ச மாவு எங்கடே போச்சு?" என்று விருந்துக்கு வந்திருந்த புஷ்பமேரி அக்கா கேட்டதற்குத்தான் அந்தப் பதில்.

சிரித்து முடித்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள். சுவரோரம், குனிந்த தலை நிமிராமல் ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான் செல்வசிங்.

யேசுதாசன் குளச்சல்காரன். பைப் ஃபிட்டர். அவன் வாய்க்குள் சாளை மீனாகப் போனது வெளியே வரும்போது சுறாவாகத்தான் வரும். ஷுவைக் துறைமுகத்தில் கயிறு அறுந்து நகர்ந்த கப்பலை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தியவன். மணற்புயலில் சைக்கிளோடு பறந்து, ஈராக்கின் பாஸ்ராவில் இறங்கி, டீ குடித்துவிட்டு அடுத்த புயலில் ஊர் திரும்பியவன். எல்லாம் அவனே சொன்னது.

செல்வசிங் எலக்ட்ரீஷியன். நாசரேத்துப் பக்கம். பொய் சொல்லத் தெரியாதவன் என்று சொன்னால் போதாது. மெய்யைச் சொல்லாமல் இருக்கத் தெரியாதவன். கல்யாண வீட்டுப் பிரியாணியில் உப்பில்லை என்று, கைகழுவின ஈரம் காயுமுன் மாப்பிள்ளையின் அப்பாவிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தவன்.

இந்தச் செல்வசிங்குக்கு ஒரே தங்கை, லீமா. குவைத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வாரமெல்லாம் முனகலும் இருமலும் கேட்கிற பெண்ணுக்கு, வெள்ளிக்கிழமை ஒருநாள் யேசுதாசன் பேச்சைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தால்தான் அடுத்த வாரம் ஓடும். யேசுதாசனுக்கோ அவள் சிரிக்காத வாரத்தில் கை ஓடாது; இரண்டு இஞ்சுக் குழாயில் ஒன்றரை இஞ்சு நட்டைத் தேடிக்கொண்டிருப்பான்.

ஆடி மாத வெயிலில் ஒருநாள் துணிந்து கேட்டேவிட்டான். "அண்ணாச்சி, லீமாவ எனக்குக் குடுங்க."

செல்வசிங் அவனை மேலும் கீழும் பார்த்தான். "ஏல, நீ சொல்லுத கதையில ஒண்ணு, ஒரே ஒண்ணு, நெசம்னு நான் என் கண்ணால பாக்கணும். பாத்துட்டு, நாலு பேரு முன்னால நானே என் வாயால 'நடந்தது'ன்னு சொல்லணும். அன்னைக்குப் பந்தல் போடுதேன். அதுவரைக்கும் பேச்சே கெடயாது."

"பொய்யா அண்ணா அது? கொஞ்சம் பெருக்கிச் சொல்லுவாரு, அவ்வளவுதான்" என்றாள் லீமா.

"பெருக்குதானா? அவன் கணக்குல நான் ஏழடி உசரம்ளா!"

விஷயம் அங்கேயே நின்றுபோயிற்று. இல்லாததையெல்லாம் நடத்திக் காட்டினவனுக்கு, இருக்கிற ஒன்றை நடத்திக் காட்டத் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் இரண்டு பேருக்கும் அபு காலித் வீட்டு வேலை வந்தது. அபு காலித் பேரீச்சம்பழ வியாபாரி. சின்ன வயசில் அப்பாவின் பாய்மரக் கப்பலில் பம்பாய்க்குப் போய்வந்து, அந்த ஊர் இந்தியை அந்த ஊர்க்காரர்களைவிட வேகமாகப் பேசுவார். புது வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வரைபடம் வரவழைத்தார். வரைபடத்தோடு சென்ட்ரல் ஹீட்டிங்கும் வந்துவிட்டது.

குவைத்திலே ஹீட்டிங்கா என்று சிரிக்க வேண்டாம். அந்த ஊர் டிசம்பரில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பூசைக்குப் போனால், பூசை முடிந்து, சாமியாரிடம் பேசி, வீடு வந்து, சாப்பிட்டுப் படுத்து எழுந்திருக்கும்போதுதான் முதல் சொட்டு வெட்கத்தோடு எட்டிப் பார்க்கும். அப்படிக் குளிர்.

ஹீட்டிங் ஒன்றும் பெரிய மந்திரமில்லை. பாய்லரில் தண்ணீர் சூடாகும். பம்பு அதைக் குழாய் வழியாக அறை அறையாகத் தள்ளும். சுவரோரம் நிற்கிற இரும்பு ரேடியேட்டர்களுக்குள் போய்ச் சூட்டை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் திரும்பி வரும். ஒவ்வொரு ரேடியேட்டரிலும் ஒரு திருகு. அறை போதுமான அளவு சூடானதும் அது தானாகவே மூடிக்கொள்ளும். இவ்வளவுதான்.

ஹீட்டிங்கோடு வந்த பெட்டியில் எல்லாச் சாமானுக்கும் அடியில் கைக்கு அடக்கமாக ஒரு பித்தளை வால்வு கிடந்தது. பம்பைத் தாண்டியதும், போகிற குழாயையும் வருகிற குழாயையும் குறுக்கே ஒரு சின்னத் துண்டுக் குழாயால் இணைத்து, நடுவில் இதை வைக்க வேண்டும் என்றது வரைபடம். பைபாஸ் வால்வு.

பம்புக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்த செல்வசிங் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். "பம்புல இருந்து கெளம்புத தண்ணி, ஒரு ரூமுக்கும் போவாம, குறுக்கால வந்து பம்புக்கே திரும்பிருமோ?"

"ஆமா அண்ணாச்சி."

"இது என்ன பொழப்புல? டூட்டிக்குப் போறேன்னு கெளம்பி, டீக்கடையில ஒக்காந்துட்டு வீட்டுக்கு வாரவன் மாதிரி. வீட்டுக்கு ஹீட்டிங் போடுதோமா, தண்ணிக்குப் பொழுது போக்குதோமா? வெட்டி வால்வு. தூரப் போடு."

அது வெட்டி இல்லை என்று யேசுதாசனுக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறவன், மைத்துனராகப் போகிறவரோடு ஒரு பித்தளைத் துண்டுக்காக மல்லுக்கட்டுவானா? என்ஜினியரும் அன்றைக்கு வேறு சைட்டில். "சரியாச் சொன்னிய அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாததா?" என்று வால்வைத் தன் டூல் பெட்டிக்குள் போட்டு மூடினான்.

டிசம்பர் மூன்றாவது வாரம் அபு காலித் குடும்பம் குடிவந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் வீடு ஊளையிட்டது.

காலையெல்லாம் ஒழுங்காக இருக்கும். மத்தியான வெயில் பெரிய ஜன்னல்கள் வழியாக உள்ளே இறங்கி அறைகளைச் சூடேற்றியதும், முதலில் ஒரு சீழ்க்கை. பிறகு ஒரு முனகல். பிறகு, தொண்டையில் முள் சிக்கிய ஒட்டகம் அடுத்த ஒட்டகத்தைத் திட்டுகிற மாதிரி ஒரு சத்தம். சுவரெல்லாம் அதிரும். மூன்று தெரு தள்ளி ஆடுகள் பால் கொடுக்க மறந்தன என்பான் யேசுதாசன். நமக்கென்ன, நம்பிவிட்டுப் போவோம்.

இந்த வீட்டில் ஜின், அதாவது அந்த ஊர்ப் பூதம், இருக்கிறது என்று சொல்லி, அபு காலித்தின் மனைவி உம் காலித் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். முத்துக் குளித்த குடும்பத்துப் பெண், கடலுக்குப் பயப்படாதவள், ஆனால் சுவர் பேசினால் யாருக்குத்தான் பொறுக்கும்? அத்தனை பெரிய வீட்டில் அபு காலித் தனியாக, தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாய், பீவி கயீ" என்றார். பெண்டாட்டி போய்விட்டாள் என்பதை அதைவிடச் சுருக்கமாக எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

செல்வசிங் வந்து மோட்டாரைப் பார்த்தான். வயரைப் பார்த்தான். எல்லாம் சரி. "ஜின்னாவது கின்னாவது, அப்படி ஒண்ணும் கெடயாது" என்றான், பாய்லர் அறைக்கு வெளியே நின்றுகொண்டு. உள்ளே தனியாகப் போகச் சொன்னபோது மட்டும் ஸ்குரூடிரைவரை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று தேடப் போனான்.

யேசுதாசனுக்குப் புரிந்துவிட்டது. வெயிலில் அறைகள் சூடானதும் எல்லாத் திருகும் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொள்கின்றன. பம்போ விடாமல் தள்ளுகிறது. கல்யாணக் கூட்டத்தை வாசலில் நிறுத்திவிட்டு எல்லாக் கதவையும் சாத்தினால் கூட்டம் கத்தாமல் என்ன செய்யும்?

"அண்ணாச்சி, அந்த வால்வப் போட்டுப் பாப்போமா? போற வழியெல்லாம் அடைச்சா தண்ணிக்கு ஒரு கொல்லைவழி வேணும்லா."

"வெட்டி வேலைன்னா வெட்டி வேலதான். சத்தம் நின்னா அப்பப் பேசு."

அந்த வாரம்தான் கிறிஸ்துமஸ். புதன்கிழமை சாயங்காலம் இரண்டு பெரிய அலுமினியச் சருவம் நிறைய ஆப்பமாவு கரைத்து வைத்திருந்தான் யேசுதாசன். வியாழன் காலையில் திறந்து பார்த்தால் மாவு கரைத்தபடியே கிடந்தது, களிமண் மாதிரி. டூட்டிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த லீமா கரண்டியால் குத்திப் பார்த்தாள்.

"இதுக்கு நாடியே இல்லியே."

"பொங்கும் பொங்கும்."

"எப்ப, ஈஸ்டருக்கா? குளிர்ல வெறச்சுக் கெடக்கு. எங்கயாவது சூடான எடமாப் பாத்து வைங்க. நாளைக்கு ஆப்பம் இல்லன்னா அண்ணன் அதையும் உங்க பொய்க் கணக்குல சேத்துருவாரு."

சூடான இடம்! யேசுதாசன் இரண்டு சருவத்தையும் பிக்கப்பில் ஏற்றினான்.

அபு காலித் வீட்டில் பாய்லரை நிறுத்தி, தண்ணீரை வடித்து, குழாயை அறுத்து, மரை வெட்டி, வால்வைப் பொருத்தி, மறுபடி தண்ணீர் நிரப்பிப் பம்பைப் போட்டான். வால்வை எவ்வளவு திறப்பது? எதையும் கொஞ்சமாகச் செய்து பழக்கமில்லாதவன். முழுசாகத் திறந்தான். குறுக்குக் குழாய் கை வைக்க முடியாமல் சுட்டது. அதற்குக் கீழே இரண்டு சருவத்தையும் குழந்தைகளைக் கிடத்துகிற மாதிரி வைத்து, மூடி போட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனான்.

சுலபமான வழி கிடைத்த தண்ணீர் மாடி ஏறுமா? பாய்லரில் காய்ந்த வெந்நீர் அத்தனையும் குறுக்குக் குழாய் வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிச் சுற்றிக்கொண்டிருந்தது. மாடியில் ரேடியேட்டர்கள் ஆறின. பாய்லர் அறையிலோ ஜூன் மாதம் நடந்தது.

மத்தியானம் அபு காலித், ஊளை நின்றுவிட்டது என்று கெஞ்சிக் கூத்தாடி மனைவியைக் கூட்டிவந்தார். கீழ்த்தளத்து நடையில் ஒரு விளக்கு மாட்ட வந்திருந்தான் செல்வசிங், பக்கத்தில் ஏணி. உம் காலித் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சத்தம் இல்லை. ரேடியேட்டரைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. அவள் சொன்னதை அபு காலித் இந்தியில் புலம்பினார்: ஜின் போய்விட்டதாம், போகும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம்.

அப்போது பாய்லர் அறைக் கதவுக்குள்ளே ஏதோ டணார் என்று விழுந்தது. சருவத்து மூடிதான். ஆனால் அது யாருக்குத் தெரியும்? கதவிடுக்கில் வெள்ளையாக ஒன்று தலை நீட்டியது. நுரைத்துக்கொண்டு, கொப்புளம் கொப்புளமாக உடைந்து 'புஸ்', 'புஸ்' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு, புளித்த வாடையோடு, அவசரமே இல்லாமல் நடையில் ஊர்ந்து வந்தது. ஒரு ராத்திரி முழுக்கப் பொங்காத மாவு, வட்டியும் முதலுமாக மூன்று மணி நேரத்தில் பொங்கியிருந்தது.

அபு காலித் உரக்க ஓத ஆரம்பித்தார். உம் காலித் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். செல்வசிங் எப்போது ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. ஏணியின் உச்சிப் படியில், கூரையில் தலை முட்ட, ஸ்குரூடிரைவரைச் சிலுவை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயோ என் மாவே!"

ஓடி வந்த யேசுதாசன் தரையில் விழுந்து, அந்த வெள்ளை ஜின்னை இரண்டு கையாலும் அணைத்துத் தடுத்தான். ஒரு மனுஷன் ஜின்னோடு கட்டிப் புரள்வதை உம் காலித் வாய் பிளந்து பார்த்தாள்.

"க்யா ஹை யே?" இது என்ன என்று கேட்டார் அபு காலித், ஓதுவதை நடுவில் விட்டு.

"கானா ஹை, பாபா! சாப்பாடு! சாவல் கா ரொட்டி!"

அரிசி ரொட்டி என்று கணவர் அரபியில் சொன்னதும் உம் காலித் செருப்பைக் கீழே போட்டாள். கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தாள். சருவங்களைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், கடைசியாக ஏணி உச்சியில் நின்றவனைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கட்டளை போட்டாள்: சாப்பாடு என்றால் யல்லா, சீக்கிரம் சுட்டுக் காட்டு.

தரையில் போனது தரைக்கு. சருவங்களில் தங்கியதை அடுக்களைக்குக் கொண்டுபோய், குழிந்த சட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து ஊற்றிச் சுழற்றினான். முதல் ஆப்பம் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது ஆப்பம், ஓரமெல்லாம் பொன்னிறச் சரிகை, நடுவில் பஞ்சு. உம் காலித் அதன்மேல் பேரீச்சம்பழப் பாகை ஊற்றிச் சாப்பிட்டாள். விரலை நக்கினாள். இன்னொன்று என்று விரல் காட்டினாள். பிள்ளைகளை அழைத்துவர ஆள் போயிற்று. பிள்ளைகள் வந்தபிறகு மாவு எங்கே மிஞ்சும்? சருவத்தின் அடியில் ஒட்டியிருந்ததுதான் மறுநாள் விருந்துக்கு மிச்சம்.

சாப்பாடு முடிந்ததும் யேசுதாசன் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினான். ஏணியிலிருந்து இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் தரையைத் துடைத்து முடித்திருந்த செல்வசிங், குழாயில் காதை வைத்துக் கேட்டான்.

"மூடு... இன்னும்... நில்லு, முனகுது. ஒரு மயிரிழை தொற. ஆங்."

மாடி சூடாயிற்று. வீடு அமைதியாயிற்று. உம் காலித் தன் துணிப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி உள்ளே வைக்கச் சொன்னாள்.

"கொஞ்சம் தொறந்து வச்சாப் போதும் போல" என்றான் செல்வசிங்.

இதைத்தான் மறுநாள் கூடத்தில் யேசுதாசன் சொல்லி முடித்தான். "இன்னைக்கு ஒரு இம்மி கூட்டிச் சொன்னியன்னா நான் செத்தாலும் உங்களக் கெட்ட மாட்டேன்" என்று லீமா காலையிலேயே மிரட்டி வைத்திருந்தாள். பயத்தில் அவன் எல்லாவற்றையும் குறைத்தே சொன்னான். ஒட்டகச் சத்தத்தைப் பூனைச் சத்தமாக்கினான். இரண்டு சருவத்தை ஒன்றாக்கினான். ஏணியைப் பற்றி மூச்சே விடவில்லை.

அப்படியும் ஒருவரும் நம்பவில்லை.

"செல்வசிங் தம்பி, நீ அங்கதான இருந்த? உண்டுன்னா உண்டுன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. இருக்க ஒரு ஆப்பமும் ஆறுது" என்றாள் புஷ்பமேரி அக்கா.

செல்வசிங் மென்றான். தண்ணீர் குடித்தான். மறுபடி மென்றான், வாயில் ஒன்றுமில்லாமலே.

"அண்ணா" என்றாள் லீமா, சட்னிக் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து. "அவரு வாயும் அந்த வால்வு மாதிரிதான். அடச்சு வச்சா வீடு அலறும். முழுக்கத் தொறந்தா ஒருத்தருக்கும் சூடு கெடைக்காது. எவ்வளவு தொறக்கணும்னு நான் பாத்துக்கிடுதேன்."

"நீ சும்மா கெட." செல்வசிங் எழுந்து நின்றான். "அவன் சொன்னதுல ரெண்டு தப்பு இருக்கு."

யேசுதாசன் தட்டைக் கீழே வைத்தான். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கூட்டாமல் சொன்ன கதை. அதிலும் இரண்டு தப்பா?

"ஒண்ணு, சருவம் ஒண்ணுல்ல, ரெண்டு. தரையத் தொடச்சவன் நான். எனக்குத் தெரியும்." செல்வசிங்கின் காது மடல் சிவந்தது. "ரெண்டாவது, ஏணியில ஏறி நின்ன ஒரு ஆள விட்டுட்டான். அது நாந்தான். அந்த வால்வு வேண்டாம்னு சொன்ன மடையனும் நாந்தான்."

சிரிக்கலாமா என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"மத்தபடி" என்றான் செல்வசிங், தன் தட்டிலிருந்த பாதி ஆப்பத்தை எடுத்து யேசுதாசன் தட்டில் வைத்துக்கொண்டே, "மாப்ள சொன்னது அம்புட்டும் நடந்தது."